கீழ்வரிசை, இடதுபக்கம்

பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்ததும் ஆவுடையம்மாள் செய்த முதல் காரியம், அங்கே போகாதே என்று தன் நாக்கை அதட்டியதுதான். அது கேட்குமா? ஒன்றரை வருஷமாகக் கேட்காத சனியன் இன்றைக்கா கேட்கப் போகிறது. கீழ்வரிசை, இடதுபக்கம். முதலில் வலிக்கிற பல்லைத் தொட்டுப் பார்க்கும், விண்ணென்று ஒன்று தெறித்துக் காது வரைக்கும் போகும், உடனே பயந்துபோய்ப் பின்னால் நழுவும், பின்னால் பல் இல்லை, வழுவழுவென்று ஒரு பள்ளம்தான், அதில் கொஞ்ச நேரம் படுத்துக் கிடக்கும், பிறகு மறுபடியும் முன்னால் வரும். ஐம்பத்திநாலு வயசில் ஒரு மனுஷிக்குத் தன் நாக்கைக்கூட மேய்க்கத் தெரியவில்லை. கண்டக்டர் சீட்டைக் கிழித்துக் கையில் திணித்துவிட்டுப் போனார். மணி பத்து ஐந்து. பதினோரு மணிக்கு டவுனில், கொழுந்தன் காந்திமதிநாதனுடைய பல் ஆஸ்பத்திரியில் அவள் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் சங்கரலிங்கம் தன் ஹார்டுவேர் கடையிலிருந்து நேரே அங்கே வந்துவிடுவார். நீ பயப்படுவ, நான் பக்கத்துல நிக்கேன் என்று காலையில் சொல்லிவிட்டுத்தான் போனார். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பத்தே முக்காலுக்கு ஜங்ஷனில், வாட்ச் கடை மாடியில், சொந்தமும் இல்லாத, தெரிந்தவரும் இல்லாத ஒரு டாக்டரம்மாவிடம் அவளே போன் போட்டு நேரம் வாங்கி வைத்திருக்கிறாள். ஒரே வாய்க்கு இரண்டு டாக்டர். ஜங்ஷன் முதலில் வரும், டவுன் பிறகு வரும், பஸ் ஒன்றுதான். ஜங்ஷனுக்கு எழுந்து இறங்க வேண்டும். டவுனுக்கு ஒன்றுமே செய்ய வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தாலே வந்துவிடும். சும்மா உட்கார்ந்திருப்பதில் அவளுக்கு முப்பது வருஷப் பழக்கம் உண்டு.

அன்றைக்கும் சும்மாதானே உட்கார்ந்திருந்தாய் என்றது மனசு. இல்லை, பொய் சொல்லாதே, சும்மா உட்காரவில்லை, கையைத் தூக்கினேன். போன வருஷம் பங்குனி, வெள்ளிக்கிழமை, வெளியே வெயில் பொசுக்கிக்கொண்டிருந்தது, உள்ளே ஏசியில் கால் விரலெல்லாம் சில்லிட்டிருந்தது. வலிக்கிற பல் எது என்று நாதன் கேட்டார், அவள் தொட்டுக் காட்டினாள், சரியாகத்தான் காட்டினாள், கடைசிக்கு முந்தினது. அவர் டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. தலையை நிமிர்த்தித் தன் அண்ணனைப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, எடுத்திரலாமா?" என்றார். இவர், "நீ பாத்துச் செய்யி, உனக்குத் தெரியாததா" என்றார். இரண்டு பேருக்கும் நடுவில் அவள் வாய், மூடியைத் திறந்து போட்ட தண்ணீர்த் தொட்டி மாதிரி கிடந்தது. ஊசி போட்டார்கள். பாதி முகம் செத்துப் போயிற்று. உதடு யாருடைய உதடோ, கன்னம் யாருடைய கன்னமோ, எச்சில் வழிவதுகூடத் தெரியாமல் வழிந்தது. பிறகு இரும்பு உள்ளே போய் ஒரு பல்லைக் கவ்வியது. செத்த வாய்க்கும் ஒரு கணக்கு இருக்கிறது. எங்கே அழுத்துகிறது என்று அதற்குத் தெரியும். கடைசிப் பல். ஐயோ அது இல்லை, முந்தினது, முந்தினது. சொல்லத்தான் சொன்னாள். வெளியே வந்தது அ, அ என்று ஒரு சத்தம். "ஆச்சு மைனி, இன்னும் ரெண்டே நிமிஷம்" என்றார் நாதன். அப்போதுதான் கையைத் தூக்கினாள். தூக்கிய கையைச் சங்கரலிங்கம் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிடித்துத் தடவிக் கொடுத்தார். "பயப்படாத ஆவுடை, ஒண்ணும் இல்ல, நான் இருக்கேன்லா." கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாலு பேர் பார்க்க அவர் அவள் கையைப் பிடித்தது அந்த ஒரு தடவைதான். அந்த அன்பை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? உதறவா முடியும்? மண்டைக்குள்ளே கிறீச் கிறீச்சென்று ஒரு சத்தம், தாடையே கழன்று வருகிற மாதிரி ஒரு இழுப்பு, பிறகு தட்டில் டங்கென்று விழுந்தது. அவர் கை அப்போதும் அவள் கையை விடவில்லை. கோபப்படவும் வழியில்லாமல் ஒருத்தியை இப்படியா மடக்குவார்கள்.

முருகன்குறிச்சியில் கூட்டம் ஏறியது. பக்கத்தில் ஒரு அம்மா கருவேப்பிலைக் கட்டும் கூடையுமாக வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இடித்தது தோளில், தெறித்தது பல்லில். பல்லை எடுத்த அன்றைக்குச் சாயங்காலம் மரமரப்பு இறங்கியதும் பழைய வலி, அதே இடத்தில், ஒரு குறையும் இல்லாமல் எழுந்து உட்கார்ந்துகொண்டது. "அத்தான், வலிச்ச பல்லு அப்படியே இருக்கு" என்றாள். அவர் சிரித்தார். "எடுத்த எடத்துல வலி இருக்கத்தான் செய்யும், தம்பி அப்பவே சொன்னான்." மறுநாளும் சொன்னாள். அதற்கு மறுநாளும் சொன்னாள். மகள் சென்னையிலிருந்து போனில், அம்மா நீ ரொம்ப யோசிக்க, மனசுக்கும் வலி வரும் என்றாள். மனசுக்கு வரும்தான். ஆனால் வெந்நீர் குடித்தால் மனசு வலிக்காது, பல்தான் வலிக்கும். எட்டாவது நாள் நாதன் வரச் சொல்லி, "பக்கத்துப் பல்லுலயும் லேசா சொத்தை இருக்கு மைனி, அடைச்சு விடுதேன்" என்று அடைத்துவிட்டார். வலி நின்றுபோயிற்று. நின்றதும்தான் அவளுக்கு விளங்கிற்று. அப்படியானால் வலித்தது இதுதான். அப்படியானால் போனது நல்ல பல். இது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியுமா? தெரிந்தேதான் லேசா சொத்தை என்று சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? ஒன்றரை வருஷமாக இந்த ஒரு கேள்வி அவளுக்குள் சுற்றிச் சுற்றி வந்து அதே பள்ளத்தில் விழுந்துகொண்டிருக்கிறது. தெரிந்திருந்தால் அவர் பொய்யர். தெரியாவிட்டால் அவர் மண்டு. பொய்யரோ மண்டோ, தீபாவளிக்கு அவருக்குக் கைமுறுக்கு போனது. அரிசி ஊற வைத்து இடித்துச் சலித்து, ஏழு சுற்று, எட்டு சுற்று என்று விரல் வலிக்கச் சுற்றி, ஒரு டின் நிறைய நாதன் வீட்டுக்கு. அவர் வீட்டாளிடம் வைத்தியத்துக்கு ஒன்றும் வாங்க மாட்டார், அதனால் அது ஒரு வழக்கம். வாங்காத மனுஷனை எப்படிக் கேட்பது? அவர் பல் அத்தனையும் சரியாக இருந்தது, கடுக் கடுக்கென்று கடித்து, மைனி கைப்பக்குவம் யாருக்கும் வராது என்று சொன்னாராம். சுற்றியவள், அடைப்பு கழன்றுவிடுமோ என்று பயந்து, ஒரு துண்டைக் காப்பியில் ஊறப்போட்டு வலதுபக்கமாகத் தள்ளிச் சப்பிக்கொண்டிருந்தாள்.

கெட்டவராக இருந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். அதுதான் இல்லையே. மாமனார் படுத்த படுக்கையாகக் கிடந்த எட்டு மாசமும் மலம் மூத்திரம் பார்த்தது நாதன்தான். ராத்திரி பகல் பார்க்கவில்லை. நாதனை டாக்டருக்குப் படிக்க வைத்தது வீட்டுக்காரர், அண்ணன் நிற்கச் சொன்னால் நிற்பார், உட்காரச் சொன்னால் உட்காருவார். அந்தக் குடும்பத்துக்கே அவர் ஒரே டாக்டர். குடும்பத்தில் ஒரு பல் டாக்டர் இருந்துவிட்டால் அத்தனை பேர் பல்லையும் அவருக்குப் பட்டா போட்டுக் கொடுத்த மாதிரிதான். சித்தப்பா பெரியப்பா மச்சான் மச்சினி எல்லோரும் அங்கேதான் வாயைத் திறக்க வேண்டும். வேறு இடத்தில் திறந்தால் அது வைத்தியம் இல்லை, சண்டை. போன ஆடியில், அவர் அடைத்திருந்த அடைப்பு ஒரு பூரித் துண்டோடு கழன்று வந்தது, வலி திரும்பி வந்தது, இவர் போன் போட்டார், நாதன் சொன்னாராம்: இதையும் எடுத்திரலாம் அண்ணாச்சி, எதுக்குத் தொந்தரவு. எதுக்குத் தொந்தரவு! யாருக்குத் தொந்தரவு? இந்த ஒரு சொல்லில்தான் அவளுக்கு உச்சியில் ஏறிற்று. இடதுபக்கம் அத்தோடு துடைத்து வைத்த மாதிரி ஆகிவிடும். அடுத்து வலதுபக்கமா? நான் என்ன, இடிக்கப் போகிற வீடா, ஒவ்வொரு ஜன்னலாகக் கழற்றுவதற்கு?

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் பல் டாக்டர் பார்க்கிற படலம். மாப்பிள்ளை பார்க்கிற மாதிரிதான் பார்த்தாள். மாப்பிள்ளையை அவள் பார்க்கவில்லை, காட்டினார்கள், தலையாட்டினாள். பல் டாக்டரையாவது தலை நிமிர்ந்து பார்த்துவிடுவது என்று இருந்தாள். தான் வேலை பார்க்கிற பத்திர ஆபீசில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவராக விசாரித்தாள். நல்ல டாக்டரா என்று கேட்கவில்லை, நல்ல டாக்டர் என்று எல்லாரும் எல்லாரையும் சொல்லுவார்கள். உங்ககிட்ட பேசுவாரா, உங்ககூட வந்தவங்ககிட்ட பேசுவாரா என்றுதான் கேட்டாள். பிறகு நேரிலேயே போனாள், வீட்டில் சொல்லாமல், காய் வாங்குகிற பையோடு. வண்ணார்பேட்டையில் ஒன்று, சுவர் முழுக்கப் பல்லைக் காட்டிச் சிரிக்கிற வெள்ளைக்காரப் பெண்கள், உள்ளே போனால் ஆஸ்பத்திரியா நகைக்கடையா என்று தெரியாத வெளிச்சம். பல் வலி என்று சொல்லி முடிப்பதற்குள் முன்பல்லையெல்லாம் சேர்த்து வரிசைப்படுத்திவிடலாம் என்றான் அந்தப் பையன். வரிசைப்படுத்தி இந்த வயசில் எந்தப் போட்டிக்குப் போகப் போகிறேன்? ஹைகிரவுண்டுப் பக்கம் ஒரு பெரியவர், கை சுத்தம், பேச்சு சுத்தம், ஆனால் முதல் கேள்வியே, "கூட ஆம்பிளையாள் யாரும் வரலியா?" வந்திருந்தால் அவருக்கா பல் வலி? மூன்றாவதுதான் இந்த ஜங்ஷன் மாடி. டாக்டர் ஜெபக்கனி. முப்பது வயசு இருக்கும், முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை. மாடிப்படி செங்குத்து, நாற்காலி பழசு, காற்றாடி கடகடவென்று சத்தம் போடும். மூன்று பேரிடமும் அவள் ஒரே கேள்வியைத்தான் வைத்தாள். நான் கையைத் தூக்கினா நிப்பாட்டுவீங்களா? பையன், வலிக்கவே வலிக்காது ஆன்ட்டி என்றான். பெரியவர், சின்னப்பிள்ளை மாதிரி கேக்கிய என்று சிரித்தார். இந்தப் பெண் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நிப்பாட்டுவேன். ஆனா பாதியில நிப்பாட்டுனா திரும்ப ஆரம்பிக்கையில இன்னும் கஷ்டமா இருக்கும். அதையும் இப்பமே சொல்லிருதேன்" என்றாள். பல்லைப் பார்த்துவிட்டு, பிழைக்க வைக்கப் பார்க்கலாம், நாலு தடவை வரவேண்டியிருக்கும், பிழைக்காமலும் போகலாம் என்றாள். போகலாம் என்று சொல்லுகிற டாக்டரை ஆவுடையம்மாள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள். அந்தச் செங்குத்துப் படியில் இறங்கும்போது காலில் ஒரு பலம் இருந்தது.

இப்போது அந்தப் பலம் எங்கே போயிற்று? பஸ் கொக்கிரகுளத்தில் வந்து நின்றுவிட்டது. முன்னால் வரிசையாக வண்டிகள், ஹாரன், வெயில், டீசல் நாற்றம். பத்து இருபத்தைந்து. நகராமல் இருந்தால் நல்லதுதான், இரண்டு இடத்துக்கும் போக முடியவில்லை என்று சொல்லிவிடலாம். சீ, என்ன புத்தி இது. இருபத்தாறு வருஷமாகப் பத்திர ஆபீசில் உட்கார்ந்திருக்கிறாள். எழுதிக் கொடுக்க வருகிற பெண்களிடம் சார்பதிவாளர் கேட்பார், சம்மதிச்சுத்தானே எழுதிக் குடுக்கீங்க? அவர்கள் உடனே புருஷன் முகத்தைப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் அண்ணன் முகத்தை. ஆவுடையம்மாள் மேஜையைத் தட்டுவாள். "அங்க பாக்காதீய, இங்க பாத்துச் சொல்லுங்க." அதற்காகவே அவளுக்கு அங்கே ஒரு பெயர் உண்டு, மேஜை தட்டுகிற அம்மா. ஊரார் வீட்டுக்கும் வயலுக்கும் மேஜையைத் தட்டினவள், தன் வாயில் இருந்த ஒரு பல்லுக்குத் தட்டவில்லை. ஐப்பசியில் நாதன் மகளுக்கு நிச்சயதார்த்தம். மூத்த மருமகள் என்று தட்டெடுக்க வேண்டியவள் இவள். அங்கே சொந்தமெல்லாம் கூடியிருக்கும்போது, மைனி வெளியாள்ட்ட பல்லு பாக்காளாமே என்று ஒருத்தி கேட்டால் போதும், பந்தியில் சாம்பார் வருவதற்குள் அது எல்லா இலைக்கும் போய்விடும். இவர் முகம் சுண்டிப்போகும். ஒன்றும் பேச மாட்டார், அதுதான் பயம், பேசினால் பதில் சொல்லலாம். பேசாமல் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்வார். அந்த முதுகுக்காக ஒரு பல்லைக் கொடுத்தாயிற்று. இன்னொன்றும் கொடுப்பதா? கொடுத்தால் சமாதானமா வரும்? அடுத்த பல் வரைக்கும் வரும்.

வண்டிகள் நகர்ந்தன. பஸ் ஆற்றுப்பாலத்தில் ஏறியது. கீழே தண்ணீர் கொஞ்சமாக, அங்கங்கே பாறையைச் சுற்றிக்கொண்டு போயிற்று. ஜன்னல் வழியே வந்த காற்று பல்லில் பட்டுச் சுரீரென்றது. வாயை மூடு என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். சொன்ன பிறகுதான் உறைத்தது, வாயை மூடு என்றா சொன்னேன்? ஒன்றரை வருஷமாக மூடித்தானே வைத்திருக்கிறேன். சிரிப்பு வந்தது. சிரித்தால் வலித்தது. வலித்தாலும் சிரித்தாள். கருவேப்பிலைக்காரி திரும்பிப் பார்த்தாள். "பல்லு வலியா தாயி? கன்னம் வீங்கியிருக்கு." "ஆமா." "ஆஸ்பத்திரிக்கா போறிய?" "ஆமா." "எந்த ஆஸ்பத்திரி?" இந்தக் கேள்விக்கு ஆவுடையம்மாள் அவள் முகத்தைப் பார்த்தே, "ஜங்ஷன்லதான், நான் பாத்து வச்ச டாக்டர்" என்றாள். சொல்லி முடித்ததும் அது முடிவாகிவிட்டது. யாரோ ஒரு கருவேப்பிலைக்காரியிடம் சொன்னதை இனிமேல் மாற்றினால் மானக்கேடு. ஜங்ஷன், ஜங்ஷன் என்று கண்டக்டர் கத்தினார். அவள் எழுந்தாள். கூடையைத் தாண்டினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

படி செங்குத்தாகவேதான் இருந்தது. மேலே நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெயர் எழுதிக்கொள்கிற பெண், உள்ளே ஒருவர் இருக்கிறார், அவர் வந்ததும் நீங்கள் என்றாள். உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டதும் அதற்குள்ளே போன் அடித்தது. எடுக்காமல் இருக்கலாம். வேலை முடிந்து போய், பஸ் கெட்டுப்போச்சு என்று சொல்லலாம். பல்லைப் பற்றி ஒரு பொய் ஏற்கனவே அந்த வீட்டில் நடமாடிக்கொண்டிருக்கிறது, அதற்குத் துணையாக இன்னொன்றா? எடுத்தாள்.

"எங்க நிக்க? தம்பி எல்லாம் எடுத்து வச்சுட்டுக் காத்துக்கிட்டு இருக்கான்."

"ஜங்ஷன்ல இருக்கேன் அத்தான். வேற டாக்டர்ட்ட வந்திருக்கேன்."

"வேற டாக்டரா?" அவர் குரல் தாழ்ந்தது. பக்கத்தில் நாதன் நிற்கிறார் போலிருக்கிறது. "ஏட்டி, என்ன பேச்சு பேசுத? நம்ம வீட்டு டாக்டர வச்சுக்கிட்டு... தம்பி மனசு என்ன பாடுபடும்?"

"போனைத் தம்பிட்ட குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்க அத்தான்."

கை மாறுகிற சத்தம் கேட்டது. "மைனி, என்ன மைனி திடீர்னு? வலி ஜாஸ்தியா இருக்கா? ஆட்டோ அனுப்பட்டுமா?" என்றார் நாதன். குரலில் உண்மையான கவலை இருந்தது. மாமனாருக்குத் துணி மாற்றியபோது வந்த அதே குரல். அந்தக் குரல் அவளை அப்படியே உருக்கிக் கவிழ்த்துவிடப் பார்த்தது. ஒன்றரை வருஷமாக அவள் மனசுக்குள் எழுதி எழுதிப் பார்த்த பீடிகை எத்தனையோ உண்டு. கோவிச்சுக்கிடாதீய தம்பி, தப்பா நினைக்காதீய தம்பி. ஒன்றும் வரவில்லை.

"தம்பி, போன வருஷம் நீங்க பிடுங்கினது நல்ல பல்லு. வலிச்சது அதுக்கு முந்தினது."

காத்திருந்த நாலு பேரும் அவளைப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அந்தப் பக்கம் செருப்புச் சத்தம், ஒரு கதவு சாத்துகிற சத்தம். அவர் உள்ளறைக்குப் போயிருக்கிறார்.

"தெரியும் மைனி."

"எப்பம் தெரியும்?"

"எடுத்துக் கையில பிடிச்சுப் பாத்த ஒடனேயே தெரிஞ்சிட்டு. வேர்ல ஒரு குத்தமும் இல்ல."

"அப்பம் ஏன் சொல்லல?"

"அண்ணாச்சி பக்கத்துல நின்னாவ. என்னைப் படிக்க வச்சவங்க. அவங்க முகத்தைப் பாத்துக்கிட்டு எப்பிடி மைனி சொல்லுவேன்?"

இந்த ஒன்றை அவர் ஒப்புக்கொண்டால் போதும், அழுதுவிடுவேன் என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அழுகை வரவில்லை. மனசுக்கும் வலி வரும் என்று மகள் சொன்ன நாளும், சிரித்த புருஷனும், ஊறப்போட்டுச் சப்பின முறுக்கும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அத்தனை நாளும் இந்த மனுஷனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு கடுக் கடுக்கென்று கடித்திருக்கிறார்.

"பல்லு என் வாயில இருந்துச்சு தம்பி. அண்ணாச்சி முகத்துல இல்ல."

"மன்னிச்சிருங்க மைனி. தப்புதான். உங்க கால்ல வேணும்னாலும்..."

"கால்ல எல்லாம் விழ வேண்டாம். அண்ணாச்சி எங்க இருக்காவ?"

"வெளிய பெஞ்சுல."

"போயி சொல்லுங்க."

"இப்பமா? மைனி, நிச்சயதார்த்தம் முடியட்டும். அதுக்கப்புறம் நானே ஒருநாள் நிதானமா..."

"இப்பம். நான் லைன்லயே இருக்கேன்."

உள்ளேயிருந்து ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். பெயர் எழுதுகிற பெண், "ஆவுடையம்மாள், உள்ள போங்க" என்றாள். அவள் ஒரு விரலைக் காட்டினாள். பின்னால் டாக்டர் ஜெபக்கனி கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, பேசி முடிக்கட்டும் என்று அங்கேயே நின்றுகொண்டாள். போனில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. செருப்பு நாலு எட்டு வைத்தது, நின்றது, இன்னும் இரண்டு எட்டு வைத்தது.

"என்னடே, வாராளா?" என்று சங்கரலிங்கத்தின் குரல் தூரத்தில் கேட்டது.

"அண்ணாச்சி, எந்திரிக்க வேண்டாம், உக்காருங்க. ஒரு விஷயம் சொல்லணும்."

ஆவுடையம்மாள் போனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.